அருளை எண்ணுவோம், அன்பரை மறவோம்

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தூத்துக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ள ஊர் வேம்பார். அந்தக் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்தான். ஆனால் அதில் ஒரு மிடறு குடிக்க முடியாது. நா வறண்டவன் அள்ளிக் குடித்தால் தாகம் தீராது, கூடத்தான் செய்யும். அந்தக் கரையோர மக்களுக்கு நல்ல தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேம்பாருக்கு நேரே கடலில் இருக்கும் தீவுகளுக்கு முன்னோர் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஒன்று உப்புத்தண்ணித் தீவு. மற்றொன்று நல்லதண்ணித் தீவு. மீன் கிடைப்பதையோ மரம் இருப்பதையோ பார்த்து அவர்கள் பெயர் வைக்கவில்லை. இங்கே இறங்கினால் குடிக்க முடியுமா, முடியாதா என்பதையே முதலில் பார்த்தார்கள்.

அல்லாஹ் தன் திருமறையில் இரண்டு கடல்களைப் பற்றிப் பேசுகிறான். ஒன்று இனியது, தாகம் தீர்ப்பது. மற்றொன்று உவர்ப்பும் கசப்புமானது. இரண்டும் சமமாக மாட்டா. ஆயினும் இரண்டிலிருந்தும் நீங்கள் புத்தம் புதிய மாமிசத்தை உண்கிறீர்கள். அணியும் ஆபரணத்தை எடுக்கிறீர்கள். அவற்றைக் கிழித்துக்கொண்டு மரக்கலங்கள் செல்வதைக் காண்கிறீர்கள். இவையெல்லாம் நீங்கள் நன்றி செலுத்துவதற்காகவே என்ற கருத்தில் அந்த வசனம் முடிகிறது (35:12). வேறோரிடத்தில், நீங்கள் குடிக்கும் நீரைச் சிந்தித்தீர்களா, அதை மேகத்திலிருந்து இறக்கியது நீங்களா, நாமா என்று கேட்டுவிட்டு, நாம் நாடியிருந்தால் அதை உப்புக் கரிக்கும்படி ஆக்கியிருப்போமே, பிறகும் ஏன் நன்றி செலுத்துவதில்லை என்று வினவுகிறான் (56:68-70).

இந்தக் கேள்வி வேம்பார்க் கரையில் நிற்பவனுக்கு எவ்வளவு நேராக வந்து தைக்கிறது! உப்புக் கரிக்கும் நீர் அவன் கண் முன்னால் அலையடித்துக் கிடக்கிறது. அந்தக் கடலிலிருந்தே ஆவியாக எழுப்பி, உப்பைக் கீழே விட்டுவிட்டு, நீரை மட்டும் மேலே கொண்டுபோய், இனிய மழையாக இறக்கித் தருபவன் யார்? நாம் செம்பைச் சாய்த்துக் குடிக்கும்போது இதை ஒரு நாளாவது நினைத்ததுண்டா?

ஒரு மூச்சின் விலை

இந்தக் கடலில்தான் நம் முன்னோர் முத்துக் குளித்தார்கள். பாண்டியர் காலத்துக் கொற்கை முதல் தூத்துக்குடி வரை, முத்தினால் உலகுக்கெல்லாம் அறிமுகமான கரை இது. பரதவரும் முஸ்லிம்களும் ஒரே தோணியில் சென்று குளித்தார்கள். மூழ்குகிறவர் காலைக் கல்லில் வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அந்த ஒரு மூச்சுக்குள் பல பாகம் ஆழத்துக்குப் போய், தரையைத் தடவிச் சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு, கயிற்றை அசைத்துச் சைகை காட்ட வேண்டும். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். மேலே கயிறு பிடித்திருப்பவர் அதற்குள் இழுத்துவிட வேண்டும். அவர் கண் அயர்ந்தால் கீழே இருப்பவர் இல்லை.

தலையை நீருக்கு மேலே நீட்டியதும் அவர் முதலில் தேடுவது முத்தையா? இல்லை, காற்றைத்தான். கையில் இருக்கும் சிப்பிக்குள் ஓர் அரசனின் கிரீடத்துக்கு ஏற்ற முத்து இருந்தாலும், அந்த நொடியில் அவருக்கு ஒரு மூச்சுக் காற்றே பெரிது. கரையில் இருக்கும் நாமோ நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 20,000 முறை மூச்சு விடுகிறோம். அத்தனையும் விலையில்லாமல் கிடைக்கிறது. கேட்காமலே, தூங்கும்போதும் கிடைக்கிறது. அதில் எத்தனை மூச்சுக்கு 'அல்ஹம்து லில்லாஹ்' சொன்னோம்?

அல்லாஹ்வின் அருட்கொடைகளை நீங்கள் எண்ணினால் உங்களால் எண்ணி முடிக்க இயலாது என்று இறைமறை கூறுவது (14:34) மிகைப்படுத்திச் சொன்ன வார்த்தையன்று. மூச்சு என்ற ஒரு கணக்கையே நம்மால் வைக்க முடியவில்லை. பார்வைக்கும், செவிக்கும், நாவின் சுவைக்கும், இரவில் வரும் உறக்கத்துக்கும், காலையில் திரும்பும் விழிப்புக்கும் யார் கணக்கு வைப்பது?

இன்னொன்றையும் கவனியுங்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக நடந்துவந்த தூத்துக்குடி முத்துக் குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சிப்பிப் பாறைகள் வளமிழந்தன. 1973 இல் தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள் சிப்பியை வளர்த்து அதனுள் முத்து விளையச் செய்தார்கள் என்றாலும், தோணிகள் கூட்டங்கூட்டமாகப் போன அந்தக் காட்சி திரும்பவில்லை. குளித்த கைகள் சங்குக்கும் மீனுக்கும் திரும்பின. இது என்றும் இருக்கும் என்று எண்ணிய ஒரு நிஃமத், நம் வாப்பாமார் காலத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. இருக்கும்போது யார் அதைப் பெரிதாக எண்ணினார்கள்? அருட்கொடையின் முகம் பலருக்கும் அது திரும்பிப் போகும்போதுதான் தெரிகிறது.

ஒரு குவளைக் காப்பிக்குள் எத்தனை கைகள்!

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஷுக்ரு என்பது மூன்று பகுதிகளால் ஆனது என்று விளக்குகிறார்கள். அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் என்பவையே அவை. இந்த நிஃமத் அல்லாஹ்விடமிருந்து வந்தது என்று அறிவது முதலாவது. அதனால் உள்ளம் தந்தவன்பால் பணிந்து மகிழ்வது இரண்டாவது. தந்தவன் விரும்பும் வழியில் அதைப் பயன்படுத்துவது மூன்றாவது. ஒரு ரொட்டித் துண்டு நம் கைக்கு வருமுன் எத்தனை படைப்புகள் அதற்காக வேலை செய்கின்றன என்பதையும் அந்தப் பெரியார் விரித்துக் காட்டுகிறார்கள்.

அதே கணக்கை நாம் வேம்பாரின் கருப்பட்டிக் காப்பிக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேம்பார் கருப்பட்டி என்றால் தெரியாதவர் தென்பாண்டிச் சீமையில் இல்லை. அந்தக் கருப்பட்டிக்குப் பனை வேண்டும். பனைக்கு உரமிட்டவர் யார்? நீர் பாய்ச்சியவர் யார்? தேரி மணலிலும் உவர் நிலத்திலும் அல்லாஹ் அதை நிமிர்ந்து நிற்கச் செய்தான். பிறகு ஒரு மனிதர் விடியற்காலையில் அந்த நெடுமரத்தில் நெஞ்சு உரசப் பலமுறை ஏறி இறங்கிப் பாளை சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். இல்லையேல் பதநீர் புளித்து, நமக்கு ஆகாத பானமாகிவிடும். இறக்கிய பதநீரை வீட்டுப் பெண் தாமதிக்காமல் அடுப்பில் ஏற்றி, பனை ஓலையும் மட்டையும் எரித்து, புகையில் கண் கசியக் காய்ச்ச வேண்டும். பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். ஆறிய பிறகுதான் அது கருப்பட்டி. அதன் பிறகும் வண்டி ஏறிக் கடைக்கு வந்து, நம் வீட்டு அடுக்களையை அடைந்து, ஒரு பெண்மணி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துத் தந்தால்தான் நமக்குக் காப்பி.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு வாய் குடித்துவிட்டு, 'இனிப்பு குறைவு' என்கிறோம்!

மக்களுக்கு நன்றி பாராட்டாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை (அபூதாவூது, திர்மிதி). மேலேயுள்ள ஹதீஸை நாம் பெரிய உதவி செய்தவர்களுக்கு மட்டும் உரியதாக எண்ணிக்கொள்கிறோம். நம் ஒவ்வொரு கவளத்துக்குப் பின்னாலும் நிற்கும் பனையேறியும், உப்பளத்தில் வெயிலைத் தலையிலும் உப்பைப் பாதத்திலும் தாங்கும் பெண்ணும், இரவெல்லாம் கடலில் வலையோடு விழித்திருக்கும் மீனவரும் அந்த 'மக்களில்' சேர்ந்தவர்கள் அல்லவா? அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் சரியே. உரிய விலையை வாய்தா சொல்லாமல் கொடுப்பதும், இன்முகத்தோடு ஒரு வார்த்தை பேசுவதும் ஷுக்ரின் ஒரு பகுதியே.

ஒரு நாள் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் பசியினால் வீட்டை விட்டு வெளியே வந்தவர்களாகச் சந்தித்துக்கொண்டார்கள். மூவரும் ஓர் அன்ஸாரித் தோழரின் இல்லம் சென்றார்கள். அவர் பேரீச்சங்குலை கொண்டுவந்து வைத்தார். ஓர் ஆட்டை அறுத்துச் சமைத்தார். குளிர்ந்த நீரும் தந்தார். வயிறு நிறைந்த பின் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம், பசியோடு வந்தோம், இந்த அருட்கொடை கிடைத்த பிறகே திரும்புகிறோம், மறுமை நாளில் இதைப் பற்றியும் நாம் கேட்கப்படுவோம் என்று உணர்த்தினார்கள் (முஸ்லிம்). பசித்த வயிற்றுக்கு ஒரு வேளை கிடைத்த பேரீச்சம் பழத்துக்கும் தண்ணீருக்குமே கேள்வி உண்டென்றால், மூன்று வேளையும் உண்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டும் நம் நிலை என்ன?

பவளமும் நமக்குப் பாடம்

நாவால் 'அல்ஹம்து லில்லாஹ்' சொல்வதோடு ஷுக்ரு முடிந்துவிடுவதில்லை. தாவூதுடைய குடும்பத்தாரே, நன்றியாகச் செயல் புரியுங்கள் என்பது இறைக்கட்டளை (34:13). சொல்லுங்கள் என்று மட்டும் கூறாமல், செயல் புரியுங்கள் என்று ஆணையிடுவதைக் கவனிக்க வேண்டும்.

ஸூரத்துர் ரஹ்மானில் முத்தையும் பவளத்தையும் அல்லாஹ் சேர்த்தே கூறுகிறான் (55:22). மன்னார் வளைகுடாவில் அவ்விரண்டையும் சேர்த்தே தந்தான். பவளப் பாறைகள் மீன்களுக்கு வீடு, கரைக்கு வேலி. ஆனால் நம் பகுதியில் என்ன நடந்தது? சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அந்தப் பவளப் பாறைகளை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். இந்த வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு நீருக்குள் மூழ்கிப்போயின. 1986 இல் இது கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டுவது உடனே நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது, நாகப்பட்டினக் கரையோடு ஒப்பிட்டால் இந்தக் கரை சிறு சேதத்தோடு தப்பியது. முன்னால் இலங்கையும் இந்தத் தீவுகளும் பாறைகளும் இருந்தது ஒரு காரணம் என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். வேலியின் அருமை அன்றுதான் பலருக்கு விளங்கியது.

கொடுத்த பொருளை அழித்துக்கொண்டே கொடுத்தவனைப் புகழ்வது நன்றியாகுமா? குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்துகொண்டே கதை பேசுகிறவர் தண்ணீருக்கு ஷுக்ரு செய்தவராவாரா? பெற்ற பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிக்காதவர் பிள்ளைச் செல்வத்துக்கு ஷுக்ரு செய்தவராவாரா? சிந்திக்க வேண்டும்.

வெறுமையாய் இருந்த செம்பு

சில ஆண்டுகளுக்கு முன் வேம்பாரில் ஒரு பெரியவரை நாம் சந்தித்தோம். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் தனியே உட்கார்ந்திருந்தார். துணைவியார் மவுத்தாகி நாற்பது நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது. நாம் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினோம். அவர் கையமர்த்திவிட்டுச் சொன்னார்:

"தம்பீ, நாற்பத்திரண்டு வருசம் ஒரே வீட்டுல இருந்தோம். சுப்ஹுக்கு நான் எந்திரிக்கும்போது திண்ணையில செம்பு நிறைஞ்சு இருக்கும். மழையானாலும் பனியானாலும் இருக்கும். எங்க ஊருல நல்ல தண்ணி எடுக்க எவ்வளவு தூரம் நடக்கணும்னு உங்களுக்குத் தெரியும். நான் ஒளு எடுத்துட்டு நேரே பள்ளிக்கு வந்துருவேன். செம்பு எப்படி நிறைஞ்சுதுன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. அவ மவுத்தான மறுநாள் காலையில வழக்கம்போல கையைக் கொண்டுபோனேன். செம்பு வெறுமையா இருந்துச்சு."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நாற்பத்திரண்டு வருசத்துல ஒரு தடவைகூட 'அல்லாஹ் உனக்கு நல்ல கூலி தரட்டும்'னு நான் அவகிட்ட சொன்னதில்ல தம்பீ" என்றார்.

நம்மால் பதில் சொல்ல இயலவில்லை. சொல்லப்போனால், அன்று நம் வீட்டு நினைவுதான் நமக்கு வந்தது. நம் வீட்டுச் செம்பை நிறைத்து வைப்பவருக்கு நாமும் சொன்னதில்லையே!

ஆனால் அந்தப் பெரியவர் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. பள்ளி இமாமிடம் சென்று, அவளுக்காக இனி நான் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். இமாம் அவரிடம் எதிர்பாராத ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: "மஹரைக் கொடுத்துவிட்டீர்களா?"

கொடுக்கவில்லை. நிக்காஹ் தஃப்தரில் இரண்டு பவுன் என்று எழுதியிருந்தது. அன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்றுகூடச் சொன்னதில்லை. அது வெறும் எழுத்து என்றே இருவரும் வாழ்ந்துவிட்டார்கள். இமாம் விளக்கினார்: மஹர் கணவன் மீது கடன். மனைவி இறந்துவிட்டால் அந்தக் கடன் இறந்துவிடாது. அவள் விட்டுச்சென்ற சொத்தாகி அவளுடைய வாரிசுகளைச் சேரும். இரண்டு பவுன் என்பது 16 கிராம். பெற்றோர் முன்னரே இறந்துவிட்டார்கள். வேறு கடனோ வஸிய்யத்தோ இல்லை. பிள்ளைகள் இருப்பதால் கணவனுக்கு நாலில் ஒன்று, 4 கிராம். மீதி 12 கிராமில் மகனுக்கு 6, இரண்டு மகள்களுக்கு ஆளுக்கு 3.

பெரியவர் தம் பங்கைக் கழித்துக்கொண்டு 12 கிராம் தங்கத்தையும் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். இளைய மகள் அந்தச் சிறு பொட்டலத்தைக் கையில் வாங்கி, "இது உம்மாவோட காசு" என்று நெஞ்சில் வைத்துக்கொண்டாளாம். நாற்பதாம் நாள் விருந்துக்கென்று சேர்த்த பணத்தைத்தான் அதற்குச் செலவிட்டதாகப் பெரியவர் சொன்னார். ஊரில் இரண்டொருவர் குறை பேசினார்களாம். பேசட்டும்! கடனைத் தீர்த்தவன் கபுரில் இருப்பவருக்கு நன்மை செய்தான். ஊராரின் வயிற்றை மட்டும் நிறைத்தவன் யாருக்கு என்ன செய்தான்?

சகோதரர்களே! இதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தச் சில தீனார்களுக்குத் தாம் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்தார்கள். கடன் அவ்வளவு கனமானது. நம்மில் எத்தனை வீடுகளில் மஹர் தஃப்தரோடு நின்றுவிடுகிறது! இன்னும் சில இடங்களில், கணவனின் மய்யித்தை எடுக்கும் வேளையில், கதறி நிற்கும் பெண்ணிடம் 'மஹரை மன்னித்தேன் என்று சொல்' என்று சுற்றி நின்று கேட்கிறார்கள். மனம் விரும்பித் தாமாக விட்டுக்கொடுத்தால்தான் அது ஆகும் என்று குர்ஆன் கூறுகிறது (4:4). அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு மனம் ஏது, விருப்பம் ஏது?

நினைப்பது எப்படி?

நேசித்தவர்களை நினைவு கூர்வதற்கும் நாயகம் (ஸல்) அவர்களிடமே அழகிய முன்மாதிரி இருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அவர்களை அடிக்கடி நினைவு கூர்வார்கள். ஆடு அறுத்தால் அதன் துண்டுகளைக் கதீஜா நாயகியின் தோழியர் வீடுகளுக்கு அனுப்புவார்கள் (புகாரி). மறைந்தவரின் நினைவை, அவர் நேசித்தவர்களின் அடுப்படி வரை கொண்டுபோய்ச் சேர்த்த பெருந்தகைமை அது.

இந்த ஹதீஸைக் கேட்ட நம் பெரியவர், காய்ச்சு காலத்தில் கருப்பட்டி வாங்கி, துணைவியாரின் தோழியர் நால்வர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். அவர்களுள் ஒருவர் பரதவ குலத்துக் கிறிஸ்தவ அம்மாள். இளமை முதல் சேர்ந்து தண்ணீருக்கு நடந்தவர். பொட்டலம் போகும்போதெல்லாம் அந்த அம்மாள் தம் தோழியைப் பற்றி ஒரு கதை சொல்லி அனுப்புகிறாராம். தமக்கே தெரியாத தம் மனைவியைத் தாம் இப்போதுதான் அறிந்துகொள்வதாகப் பெரியவர் சொன்னார்.

ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் தம் தாயார் இறந்தபோது, அவர்களுக்காகச் செய்யும் தர்மத்தில் எது சிறந்தது என்று கேட்டார்கள். தண்ணீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அவர் ஒரு கிணறு தோண்டி, இது ஸஃதின் தாயாருக்கு என்று அறிவித்தார் (அபூதாவூது). வேம்பாரின் பேருந்து நிறுத்தத்தில் கோடைக்காலத்தில் இரண்டு மண்பானைகளைக் காணலாம். அவற்றில் யாருடைய பெயரும் எழுதப்படவில்லை. தினமும் காலையில் அவற்றை நிறைப்பவர் அந்தப் பெரியவர்தாம். நாற்பத்திரண்டு ஆண்டு தமக்காக நிறைந்த செம்புக்கு, இப்போது அவர் பதில் நிறைக்கிறார்.

மனிதன் இறந்தால் அவனுடைய செயல்கள் முடிந்துவிடுகின்றன. மூன்று மட்டும் தொடர்கின்றன. அவை நிலைத்திருக்கும் தர்மம், பயன் தரும் கல்வி, அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை என்பது ஹதீஸ் (முஸ்லிம்). 'தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பனை பலன் தர நெடுங்காலம் ஆகும். இன்று நாம் குடிக்கும் பதநீர், முகம் தெரியாத யாரோ ஒருவர் விட்டுச்சென்றது. அவருக்குச் சதகத்துல் ஜாரியா, நமக்கு நன்றிக்கடன்.

வேம்பாருக்கு வடகிழக்கே இருக்கும் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியை, 'செத்தும் கொடுத்தான்' என்றே தமிழ்நாடு முழுவதும் இன்றும் பேசுகிறது. அவர் ஆதரவில் சீறாப்புராணம் பாடத் தொடங்கிய உமறுப் புலவர், வள்ளல் மறைந்த பின் தமக்குத் துணைநின்ற பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரைத் தம் காப்பியத்தின் பல இடங்களில் போற்றியிருக்கிறார். நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடும் நூலிலே, தமக்கு உதவிய மனிதரையும் அவர் மறக்கவில்லை. வேம்பாரிலிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் அந்தப் புலவர், நன்றி என்றால் என்ன என்பதை நம் மண்ணிலேயே காட்டிச் சென்றவர்.

பெற்றோர் இறந்த பின்னும் அவர்களுக்குச் செய்ய வேண்டிய உபகாரம் ஏதும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் விவரமாகப் பதில் கூறியிருக்கிறார்கள் (அபூதாவூது). அதை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்:

1. அவர்களுக்காக துஆச் செய்வது.
2. அவர்களுக்காக அல்லாஹ்விடம் பிழை பொறுக்கத் தேடுவது.
3. அவர்கள் கொடுத்துச்சென்ற வாக்குகளை நிறைவேற்றுவது.
4. அவர்கள் வழியாக மட்டுமே நமக்கு வாய்த்த உறவுகளைத் துண்டிக்காமல் சேர்ந்து நடப்பது.
5. அவர்களுடைய நண்பர்களைக் கண்ணியப்படுத்துவது.

இந்த ஐந்தில் எதற்கும் பந்தலும் தேவையில்லை. கடன் வாங்க வேண்டியதும் இல்லை. வாப்பாவின் பழைய சிநேகிதர் தெருவில் வந்தால் எழுந்து ஸலாம் சொல்ல எவ்வளவு செலவாகும்? உம்மா மவுத்தான பிறகு பேச்சற்றுப்போன மாமி வீட்டுக்கு ஒரு முறை நடந்துபோக எவ்வளவு நேரமாகும்?

நாற்பது வயதின் துஆ

நன்றியையும் நினைவையும் ஒரே மாலையில் கோத்த ஒரு துஆவைக் குர்ஆன் நமக்குக் கற்றுத் தருகிறது. ஒரு மனிதன் நாற்பது வயதை அடைந்ததும் கேட்கும் துஆ அது. என் மீதும் என் பெற்றோர் மீதும் நீ பொழிந்த அருட்கொடைக்கு நன்றி செலுத்தவும், நீ பொருந்திக்கொள்ளும் நற்செயலைச் செய்யவும் எனக்கு அருள்வாயாக, என் சந்ததியையும் சீர்படுத்துவாயாக என்பது அதன் கருத்து (46:15). எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்த ஸுலைமான் (அலை) அவர்களும் பெற்றோரைச் சேர்த்தே இவ்விதம் நன்றிக்கு அருள் வேண்டினார்கள் (27:19). பெற்றோர், தான், பிள்ளைகள் என்ற மூன்று தலைமுறையும் அந்தத் துஆவில் அடங்கிவிடுகின்றன. நடுவில் நிற்கும் நாம், மேலிருந்து பெற்றதற்கு நன்றி சொல்லிக் கீழுள்ளவர்க்குக் கொடுத்துச் செல்ல வேண்டியவர்கள். முத்துக் குளிப்பவரின் கயிற்றைப் போல, ஒரு முனை நமக்கு முன்னோர் பிடித்தது. மறுமுனையை நாம் பிறருக்காகப் பிடித்திருக்கிறோம். கை தளரலாமா?

இன்று இஷாத் தொழுது வீடு திரும்பியதும் மூன்று காரியங்களைச் செய்வோம். குடிக்கும் தண்ணீரைக் கையில் எடுத்து ஒரு விநாடி நின்று, 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் குடித்து, உணர்ந்து 'அல்ஹம்து லில்லாஹ்' சொல்வோம். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தவருக்கு, அவர் உம்மாவாக இருந்தாலும், மனைவியாக இருந்தாலும், மருமகளாக இருந்தாலும், 'ஜஸாக்கில்லாஹு கைரா' என்று வாய் திறந்து சொல்வோம். சொல்ல வெட்கமாக இருக்கும், இருந்தாலும் சொல்வோம். செம்பு வெறுமையான பிறகு சொல்லி என்ன பயன்? மூன்றாவதாக, மஹரோ, கடனோ, வாரிசுப் பங்கோ நம் மீது நிலுவையில் இருந்தால், அதைத் தீர்க்க ஒரு நாளைக் குறித்துவிட்டுப் படுப்போம்.

யா அல்லாஹ்! உப்புக் கடலின் ஓரத்தில் எங்களுக்கு இனிய நீரைத் தந்தவனே! எண்ண முடியாத உன் அருட்கொடைகளை உணரும் உள்ளத்தையும், புகழும் நாவையும், அவற்றை உன் பொருத்தத்தில் செலவிடும் கைகளையும் எங்களுக்குத் தருவாயாக! எங்களுக்காகத் தண்ணீர் சுமந்த, அடுப்பெரித்த, கடல் ஏறிய, மரம் ஏறிய அனைவரின் சிரமத்துக்கும் நற்கூலி வழங்குவாயாக! எங்களை விட்டு முந்திச் சென்ற பெற்றோர், துணைவியர், உற்றார் அனைவரின் கபுருகளையும் ஒளியாக்கி, சுவனச் சோலையில் எங்களை அவர்களோடு ஒன்று சேர்ப்பாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!